லெச்சுமி அக்கா கட்டிய மணி

குரங்கு பயந்திருக்கிறதா இல்லையா என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பீயைப் பார்த்தால் சொல்லலாம். நான் பார்த்துச் சொன்னவன் இல்லை. பொறுக்கிக் கொடுத்தவன். பார்த்துச் சொன்னது பல்கலைக்கழகத்து மேடம்.

இப்போது அந்த வேலையிலிருந்து நின்றுவிட்டேன். முழங்கால் மலை ஏற மாட்டேன் என்கிறது. என் இடத்துக்கு வந்த பிள்ளைகள் போனில் படம் பிடிக்கிறார்கள். எது எந்தக் குரங்கு என்று போனே சொல்லிவிடுகிறது. ஒரு நாள் விளையாட்டுக்கு என் முகத்தைக் காட்டினார்கள். அதற்கும் ஒரு குரங்கு நம்பர் சொன்னது. எல்லாரும் சிரித்தோம். "அண்ணே, இந்த மாதிரி போன் இல்லாத காலத்துல எப்புடி வேல செஞ்சீங்க? எழுதிக் குடுங்கண்ணே" என்று கேட்டார்கள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. முடிந்தவரை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே. அதில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. இடையில் மரக்காடும் ஓடையும். நான் மேல்கணக்கில் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேடம் வந்தார். சிங்கள அம்மா. ஒல்லி. காலில் பெரிய சப்பாத்து. மலை ஏற ஒரு ஆள் வேண்டும் என்று, எங்களை வேலை வாங்கும் கண்டாக்கிடம் கேட்டார்.

கண்டாக்கு ஐயா என்னைக் காட்டினார். "இவன எடுங்க மேடம். பேரு பழனியாண்டி. நல்லா நடப்பான். ஆனா வாயத் தொறக்க மாட்டான்."

"அதுதான் வேணும்" என்றார் மேடம். "குரங்குக்குப் பேச்சு பிடிக்காது."

அப்படித்தான் நான் போனேன்.

என்ன வேலை என்று வழியிலேயே சொன்னார். அவருக்கு அப்போது தமிழ் கொஞ்சம்தான் வரும். "மனுசரும் குரங்கும் ஒரே மலை. ரெண்டு பேருக்கும் சண்டை. சண்டையில மனுசருக்கு என்ன ஆகுது? குரங்குக்கு என்ன ஆகுது? பிடிச்சுக் கட்டினா, கூட்டில போட்டா என்ன ஆகுது? ரெண்டு பக்கமும் பாக்கணும். ஒரு பக்கம் மட்டும் பாத்தா அது படிப்பு இல்ல."

பழகச் சில மாதம் பிடித்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்தேன். விழுந்தேன். அட்டை கடித்தது.

வேலை முறை இதுதான். விடியும் முன்பே குரங்குகள் தூங்கும் மரத்தடிக்குப் போய்விட வேண்டும். அவை இறங்கும்போது நாம் அங்கே இருக்க வேண்டும். கையைத் தூக்கக் கூடாது. கண்ணுக்குள் பார்க்கக் கூடாது. தின்பதற்கு எதுவும் கொடுக்கக் கூடாது. தும்மல் வந்தாலும் அடக்க வேண்டும். இப்படி வருசக்கணக்கில் போனால்தான் அவை நம்மை ஒரு கல்லைப்போல, ஒரு தேயிலைச் செடியைப்போல நினைக்கும். பக்கத்தில் வந்து உட்காரும். அந்தப் பழக்கம்தான் எங்கள் முதல். அது இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிய வேண்டும். செங்குரங்குக்குத் தலையில் தொப்பி வைத்ததுபோல் மயிர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி வகிடு. மேடத்தின் மாணவர்கள் நம்பர் வைத்தார்கள். நான் பேர் வைத்தேன். மார்பைத் தள்ளிக்கொண்டு எல்லாரையும் பார்த்தபடி நடக்கும் பெரிய ஆணுக்குக் கண்டாக்கு என்று பேர். எங்கள் கண்டாக்கு ஐயாவுக்கு அது கடைசி வரை தெரியாது.

பீ எடுப்பது தனி வேலை. அது எந்தக் குரங்குடையது என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். குரங்கு தானாக நகரும் வரை காத்திருக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும். மூத்திரம் பட்டதை எடுக்கக் கூடாது. கையுறை போட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் நடுவிலிருந்து மட்டும் எடுத்து, சின்னக் குப்பியில் போட்டு, நம்பர் எழுதி, ஐஸ் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பயந்த உடம்பில் ஒரு சரக்கு ஊறுமாம். அது பீயில் இறங்குமாம். "ரத்தத்திலயும் இருக்கு" என்றார் மேடம். "ஆனா ரத்தம் எடுக்கப் போனா இன்னும் பயப்படும். அப்போ நாம பாக்கிறது நம்மளால வந்த பயம். அதுக்குத்தான் இது."

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர், அதில் ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. லயத்து ஆட்களுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. நான் பெட்டியோடு வரும்போது, "வழி விடுங்கப்பா, பீத்தொர வர்றாரு!" என்பார்கள். கோயில் திருவிழாவில் மைக்கிலேயே ஒருவன் சொல்லிவிட்டான். என் மனைவி கமலா மட்டும் சிரிக்கவில்லை. "மத்தவங்க வீட்டுல ஆம்பளைங்க வேல முடிஞ்சா காலக் கழுவிட்டு வருவாங்க. நீங்க தலையோட முழுகிட்டு வாங்க" என்றாள்.

மேடத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். ஒரு முறை ஓடையில் கால் வழுக்கி ஐஸ் பெட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். ஒரு வாரத்து வேலை அதில் போனது. மேடம் பாறையில் உட்கார்ந்தார். தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு என்னிடம் கொடுத்தார். "பரவாயில்ல அண்ணா. நாளைக்கும் குரங்கு பேளும்" என்றார். பேளுவது என்ற சொல் அவருக்கு என்னிடமிருந்து வந்தது.

அவர் அடிக்கடி கேட்பது ஒன்றே ஒன்று. "பாத்ததா? நெனச்சதா?"

கண்டாக்கு இன்றைக்குக் கோபமாக இருக்கிறது என்று நான் சொன்னால், "பாத்ததா, நெனச்சதா?" என்பார்.

"வாயப் பொளந்து பல்லக் காட்டிச்சு மேடம்."

"அத எழுதுங்க. கோபம் உங்க நெனப்பு."

பக்கத்து ஊரான நல்லதண்ணியில் யாத்திரை சீசன் முடிந்ததும் அங்கே கடைத்தெருவில் தின்று பழகின குரங்கெல்லாம் எங்கள் மலைக்கு வருகிறது என்று லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். மேடம் கேட்டார், பாத்ததா நெனச்சதா என்று. பார்க்கவில்லை. இப்படிக் கேட்கிற பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் காம்பராக்காரி நம்ம மேல கோவமா இருக்கா என்று கமலா சொன்னபோது, "பாத்ததா, நெனச்சதா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு வெறும் சோறு.

மனிதர் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா. அதற்குக் கேள்விகள் இருந்தன. தூக்கம் வருகிறதா, மனசு சரியாக இருக்கிறதா, பயம் உண்டா, குரங்கால் என்ன போனது, இப்படி. கேட்க ஆள் சேர்க்க வேண்டும் என்றதும் கண்டாக்கு ஐயா உதவி செய்தார். பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டார். மாணவப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாரும் ஒரே பதில். "ஒரு கொறையும் இல்லீங்க." "நல்லா தூங்குறோங்க." இருமிக்கொண்டே ஒருவர், "ஒடம்பு நல்லா இருக்குங்க" என்றார்.

மேடம் அன்று சாயங்காலம் எல்லாப் பதிலையும் படித்துவிட்டு, "இந்தத் தோட்டத்துக்கு நானும் குடி வரலாம் போல" என்றார்.

அடுத்த நாள் அவரே பெண்கள் குளிக்கிற தண்ணீர்ப் பீலிக்குப் போய் உட்கார்ந்தார். துணி துவைக்கிற கல்லில் அவரும் ஒரு சட்டையை அலசினாராம். அங்கேதான் லெச்சுமி அக்கா வாயைத் திறந்தார்.

"பெரட்டுல போயி ஒடம்பு முடியலன்னு யாராச்சும் சொல்லுவாங்களா மேடம்? அர நாள் பேரு போட்டு, அரச் சம்பளத்தோட அனுப்பிருவாங்க. அந்த எடத்துல நின்னா வாய் தானா நல்லா இருக்கோம்னுதான் சொல்லும்."

மேடம் பழைய பதில்களை எல்லாம் ஓரம் கட்டினார். பீலியில் புதிதாக ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்த பதில்கள் வேறு. அதில் குரங்கும் இருந்தது. விதைத்தது தெரியும், பறிப்பது யார் என்று தெரியாது என்று ஒரு கிழவி சொன்னதை மேடம் அப்படியே எழுதிக்கொண்டார்.

லெச்சுமி அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். என்னைவிட மூத்தவர். கொழுந்து எடுப்பவர். வீட்டுக்காரர் நெஞ்சு நோயாளி. பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறி போட்டிருந்தார். வீட்டுக்குக் கறி அதிலிருந்துதான். மிஞ்சினது சந்தைக்கு. அவர் குரல் எங்கள் மலையில் பேர் போனது. இந்த மலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மலையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

அந்தக் குரலுக்குக் குரங்கு பயந்தது, ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான். அவர் மலைக்கு வேலைக்குப் போன பிறகு வந்தது. சோளக்கொல்லைப் பொம்மை வைத்தார். அதன் தொப்பியை ஒரு குட்டி எடுத்துப் போட்டுக்கொண்டது. நாய் கட்டினார். நாய் தூங்கியது.

அக்கா பிறந்த ஊர் அக்கரப்பத்தனைப் பக்கம். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். ஒரு குரங்கைப் பிடித்து, கழுத்தில் மணி கட்டி விட்டுவிடுவது. மணிச் சத்தத்துக்குக் கூட்டம் பயந்து ஓடும். மணி கட்டினது கூட்டத்தை விட முடியாமல் பின்னாலேயே ஓடும். அது ஓட ஓடக் கூட்டமும் ஓடும். திரும்ப அந்தப் பக்கம் தலை காட்டாது.

மேடமும் மாணவர்களும் பரீட்சைக்காகப் போயிருந்த மாதம் அது. நான் கீழ்க்கணக்குக் குரங்குக் கூட்டத்தோடு இருந்தேன். அக்கா கூடையைக் கவிழ்த்து, குச்சி முட்டுக் கொடுத்து, உள்ளே பாண் ரொட்டித் துண்டு வைத்தார். ஒரு இளசு மாட்டியது. இன்னும் முழு வளர்ச்சி வராத ஆண். பழைய மாட்டு மணி ஒன்று வீட்டில் கிடந்தது. கயிறு என்றால் கடித்துவிடும் என்று கம்பியில் கோத்துக் கட்டி விட்டுவிட்டார்.

நான் கீழே இருந்து கேட்டேன். மேல்மலையில் மாடு ஓடுகிற சத்தம். பார்த்தால் குரங்குக் கூட்டம் தேயிலை மேல் பறக்கிறது. கண்டாக்குதான் முதலில். எல்லாவற்றுக்கும் கடைசியில் கலகலகல என்று ஒன்று. கீழ்க்கணக்கில் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில், மணியடித்து வரும் ஐஸ் பழக்காரன் வந்துவிட்டான் என்று குழந்தைகள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். வந்தது குரங்கு. ஆயா கதவைச் சாத்தினார்.

அந்த வருசம் மேல்கணக்கில் போஞ்சி தப்பியது. லயமே லெச்சுமி அக்காவைக் கொண்டாடியது. "அக்காவுக்கு ஒரு பொன்னாட போத்துங்கப்பா" என்றார்கள்.

மேடம் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டார். அக்காவிடம் போனார்.

அக்கா முந்திக்கொண்டார். "நீங்க எழுதிக்கிட்டே இருங்க மேடம். நாங்க திங்க வேணாமா?"

"வேணும்" என்றார் மேடம். "தூக்கம் எப்பிடி?"

"இப்பத்தான் நல்லா தூங்குறேன்."

மேடம் அதை எழுதிக்கொண்டார். அந்த லயத்தில் எல்லாருக்கும் கேள்வி கேட்டார். எல்லாரும் முன்னைவிட நன்றாக இருந்தார்கள். இந்த முறை அது நிஜம், ஏனென்றால் பீலியில் சொன்னது. நான் மணி கட்டினதன் பீயை எடுத்துக் கொடுத்தேன். அதில் பயம் ஏறி நின்றது. மனிதர் பதில் இருந்த காகிதத்தையும் பீயின் கணக்கு இருந்த காகிதத்தையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மணியை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டேன். கம்பி அப்போது தளர்வாகத்தான் இருந்தது. "அவுக்கணும்னா மறுபடி பிடிக்கணும். பிடிச்சா இன்னும் பயம். பாக்க மட்டும்தான் எங்களுக்கு அனுமதி" என்றார். விட்டுவிட்டோம்.

குரங்கு வளரும். கம்பி வளராது. அது எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

மணிக்காரன் கொஞ்ச நாள் கூட்டத்தைத் துரத்தினான். பிறகு களைத்துவிட்டான். எந்தக் கூட்டமும் கிட்டே சேர்க்கவில்லை. கடைசியில் எங்கே வந்து உட்கார்ந்தான் தெரியுமா? லெச்சுமி அக்காவின் தகரக் கூரையில்.

அக்கா முதலில் கல் எறிந்தார். அவன் நகர்ந்து உட்கார்ந்தான். மறுபடி எறிந்தார். கூரையில்தான் விழுந்தது. பிறகு வாயால் மட்டும் எறிந்தார்.

"ஏன்டா, ஒலகத்துல ஒனக்கு வேற கூரையே இல்லையா? நான்தான்டா ஒன்னக் கட்டுனவ. என்கிட்டயே வந்து ஒக்காந்திருக்கியே, ரோசம் இருக்கா?"

அவன் தலையைச் சொறிவான். மணி ஆடும். சாயங்காலம் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இருந்து ஒரு ரொட்டித் துண்டு கூரைக்குப் போகும். போட்டது யார் என்று கேட்டால், "காக்காவுக்குப் போட்டேன்" என்பார்.

ஒரு நாள் நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்கு தின்பதைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். பிறகு மெல்ல எடுத்துத் தின்னும். அவன் அடக்கவில்லை. ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்தான். முடியாமல் கீழே போட்டுவிட்டான். நான் பலா மரத்தில் ஏறி மேலே இருந்து பார்த்தேன். கம்பி வெளியே தெரியவில்லை. தோல் அதன் மேல் மூடிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

மேடத்துக்குச் சொன்னேன்.

"பாத்ததா?"

"பாத்தேன் மேடம்."

அவரும் மரத்தில் ஏறினார். இறங்கி வந்து, போனை எடுத்து, வனசீவி இலாகா ஆட்களைக் கூப்பிட்டார். மிருக வைத்தியர் அடுத்த நாளே வந்தார். இளம் பிள்ளை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துப்பாக்கியால் மயக்க ஊசி போட உடம்பு பத்தாது, கூரையிலிருந்து விழுந்தாலும் போய்விடும் என்றார். கூட்டில் பிடிக்க வேண்டும். கூடு வைத்தோம். வாழைப்பழம் வைத்தோம். ஒரு முறை கூடையில் மாட்டினவன். கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"நாள் இல்ல" என்றார் வைத்தியர். "இப்பிடியே விட்டா ஒரு கிழமை, ஏழு நாள் தாங்கிறதே பெருசு. அவன் யார்கிட்ட வருவான்?"

யாரிடம் வருவான் என்று எல்லாருக்கும் தெரியும். மேடமும் நானும் அக்காவின் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தோம். அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். விசயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"நான் தொட மாட்டேன்" என்றார். "மணிய அவுத்துட்டா அம்புட்டும் திரும்பி வந்துரும். போஞ்சி பூத்து நிக்குது. இந்த மனுசனுக்கு நெஞ்சு வலி. நான் காலையில மலைக்குப் போனா அந்தியிலதான் வாரேன். யாரு காவல் இருக்கிறது? நீங்க வந்து நிப்பீங்களா?"

"நிப்பேன்" என்றார் மேடம்.

அக்கா சிரித்தார். "சும்மா சொல்லாதீங்க."

"போஞ்சி பறிச்சு முடியிற வரைக்கும் நானும் பிள்ளைகளும் நிப்போம். தகரம் தட்டுவோம். துரத்துவோம்."

அத்தனை வருசம் கையைக்கூடத் தூக்காமல் பழக்கின கூட்டம். தகரம் தட்டித் துரத்தினால் எங்களைக் கண்டாலே ஓடும். மாணவப் பிள்ளைகளின் படிப்பு அதில் இருந்தது. மேடத்தின் பாதி ஆயுசும் அதில் இருந்தது. அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னேன். மேடம், துரத்தினால் நம்ம வேலை எல்லாம் அதோடு முடிந்தது என்றேன்.

தெரியும் என்று மேடமும் சிங்களத்திலேயே சொன்னார். பார்க்க மட்டும்தான் வந்தோம், ஆனால் இதைப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியாது என்றார்.

அக்கா கோப்பையை வைத்தார். "தம்பி, சந்தையில முப்பது வருசமா நான் எந்தப் பாசையில போஞ்சி விக்கிறேன்னு நெனச்ச?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மேலே மணி ஒரு முறை ஆடியது.

"வைத்தியர் அய்யாவ மறைவா நிக்கச் சொல்லுங்க" என்றார்.

கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்க்கவில்லை. அதோடேயே இஸ்தோப்பு ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார். ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கஞ்சிபோல் பிசைந்தார். மேலே பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"வாடா. வா. கடிக்க முடியலல்ல? பல்லு போன கெழவனுக்குக் குடுக்கிற மாதிரி பெசஞ்சு வச்சிருக்கேன். வந்து தின்னு. ஒன் ஆத்தா வந்து ஊட்டுவான்னு பாத்தியா? அவ ஒன் மணிக்குப் பயந்து கீழ்க்கணக்குல கெடக்கா."

மணி தகரத்தில் உரசியது. தூண் வழியாக இறங்கினான். நின்றான். நாங்கள் கதவிடுக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவன் ஒரு கையை அக்காவின் முழங்காலில் வைத்து, தட்டுக்குள் வாயை வைத்தான். அக்கா படங்கைத் தூக்கி அவன் மேல் போட்டு, மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். உள்ளே கத்தினான். அக்காவும் கத்தினார். "சீக்கிரம் வாங்கடா! கடிச்சிட்டான், கடிச்சிட்டான், பாவி!"

வைத்தியர் ஓடி வந்து சாக்குக்கு மேலாகத் தொடையில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கை தொங்கியது. இஸ்தோப்பிலேயே துணி விரித்துப் படுக்க வைத்தோம். முதலில் மணியை வெட்டி எடுத்தார். பிறகு கழுத்து மயிரைச் சிரைத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, சின்னக் கத்தியால் தோலைத் திறந்து, கம்பியைத் துண்டு துண்டாக இழுத்தார். நான் விளக்கைப் பிடித்தேன். மேடம் மூச்சை எண்ணினார். கடைசித் துண்டு வந்ததும் வைத்தியர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மூச்சுக் குழாய்க்குப் படல்ல. பிழைப்பான்" என்றார். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார். நல்ல கடி. ஊசி போடப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

"போறேன்" என்றார் அக்கா. "நர்சம்மா என்ன கடிச்சிச்சுன்னு கேட்டா என்னன்னு சொல்றது? என் வீட்டுக் கொரங்குன்னா?"

மயக்கம் தெளியும் வரை ஒரு பெட்டிக்குள் மூடி வைத்து, பிறகு திறந்துவிட்டோம். அன்று சாயங்காலமே கூரை ஏறிவிட்டான். சத்தமில்லாமல் ஏறினதால் முதலில் யாருக்கும் தெரியவில்லை.

காவல் தொடங்கியது. மேடம் சொன்ன சொல் மாறாதவர். காலி பிஸ்கட் தகரமும் தடியும் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தகரம். வேலியோரம் வரிசையாக நின்றோம். லயத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை.

மணிச் சத்தம் நின்று சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் கூட்டம் மரக்காட்டிலிருந்து இறங்கியது. கண்டாக்கு முதலில். மேடம் தகரத்தைத் தட்டினார். "போ! போ!" என்றார். பிறகு சிங்களத்தில் "யன்ன! யன்ன!" என்றார்.

கண்டாக்கு நின்று மேடத்தைப் பார்த்தது. நாங்கள் தட்டோ தட்டென்று தட்டினோம். குட்டியைச் சுமந்த ஒரு தாய்க் குரங்கு வந்து மேடத்தின் சப்பாத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்தது. கண்டாக்கு ஒரு போஞ்சியைப் பறித்து, என் முன்னால் உட்கார்ந்து, நாரை உரித்துத் தின்றது. தின்றுகொண்டே என் தகரத்தை எட்டிப் பார்த்தது. அத்தனை வருசம் எங்களைக் கண்டு பயப்படாதே என்று கற்றுக்கொடுத்திருந்தோம். நன்றாகக் கற்றிருந்தன.

முதலில் சிரித்தது என் கமலா. பிறகு லயமே சிரித்தது. "பீத்தொர, இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டுங்க, அதுக்குத் தூக்கம் வருதாம்!" அக்கா கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேடம் தகரத்தைக் கீழே போட்டு வரப்பில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். "அண்ணா, எழுதுங்க" என்றார். "காவல்காரர் ஆறு பேர். பயந்தது யாரும் இல்ல."

அக்கா எழுந்தார். செருப்பைக் கழற்றினார். "அடியேய்ய்!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கூட்டம் மரத்தில்.

"நீங்க காவலுக்கு லாயக்கில்ல மேடம்" என்றார் அக்கா. "எழுதிக்கிட்டே இருங்க. அதுதான் ஒங்களுக்கு வருது."

அவர் மலைக்குப் போகும் நேரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்று சிரித்த வாயோடேயே கமலா சொன்னாள், செவ்வாய்க்கிழமை நான் பாக்குறேன் என்று. பக்கத்துக் காம்பராக்காரி புதன்கிழமை என்றாள். வேலைக்குப் போகாத வயதானவர்களும் ஓய்வு வாங்கினவர்களும் முறை வைத்தார்கள். ஒருவர் காவலுக்கு நின்றால் அந்த லயத்து வரிசையில் எல்லார் கறித்தோட்டத்துக்கும் காவல். கொஞ்சம் போனது. நிறைய மிஞ்சியது. மேடமும் தனக்கு ஒரு முறை நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் நாளில் மட்டும் போஞ்சி கூடுதலாகப் போகும். முறைக்காவலில் குரங்கின் பயம் எவ்வளவு ஏறுகிறது, மனிதர் தூக்கம் எவ்வளவு கெடுகிறது என்று அடுத்த வருசங்களில் பார்த்தோம். நான் ஓய்வு வாங்கும் வரை அந்த வேலைதான்.

கூரைக்காரன் சில மாதம் இருந்தான். கழுத்தில் மயிர் முளைத்து மூடியது. ஒரு நாள் காலையில் இல்லை. "சொல்லிட்டுக்கூடப் போகல பாரு" என்று அக்கா அன்றெல்லாம் திட்டினார். அவன் கீழ்க்கணக்குக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஒரு கிழட்டுப் பெண் குரங்கு அவனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன். கேட்காததுபோல் லீக்ஸுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்த போஞ்சிப் பருவத்தில் கீழ்க்கணக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் அக்கா வீட்டு இஸ்தோப்பில் இருந்தேன்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒரு மணி இருக்காமே. குடுங்க. ஒரே தொல்ல."

அக்கா உள்ளே போய் மணியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். துடைத்துத்தான் வைத்திருந்தார்.

"கொண்டு போ. கட்டுறது லேசு. ஆனா கட்டுனது மத்தது எதுகூடயும் சேர முடியாது. ஒன் கூரைக்குத்தான் வந்து ஒக்காரும். பெசஞ்சு பெசஞ்சு ஊட்டணும். அதோட மொகத்த நீதான் தெனமும் பாக்கணும். ஒனக்கு முடியும்னா கட்டு."

அந்தப் பெண் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அக்காவின் கையில் இருந்த கடித் தழும்பைப் பார்த்தாள்.

"ஒங்க லயத்துல மொறக் காவல் எப்புடிக்கா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அக்கா நகர்ந்து இடம் விட்டார். அவள் மணியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.